'கமான்', 'டியூட்', 'வாட்எவர்': பொருள் தெரிந்தும் வசனம் ஒட்டாதது ஏன்?

கேள்வி: ஆங்கிலத் தொடர் ஒன்றுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். கடினமான சொற்களுக்கு அகராதி கைகொடுக்கிறது. 'கமான்', 'டியூட்', 'வாட்எவர்' மாதிரி அன்றாடச் சொற்களிலும் ஸ்லாங்கிலும்தான் மாட்டிக்கொள்கிறேன். எழுதிப் படித்தால் யாரும் பேசாத தமிழாக இருக்கிறது. ஒன்றுமே சரிவரவில்லை என்றால் ஆங்கிலச் சொல்லையே விட்டுவிடலாமா?

பதில்: மொழிபெயர்ப்பில் சின்னச் சொற்கள்தான் பெரிய தொல்லை. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்றால் ஒளிச்சேர்க்கை. யார் சொன்னாலும், எங்கே வந்தாலும் அதுதான். 'கெட்' அப்படியில்லை. பாடம் கேட்கும் மாணவி 'ஐ காட் இட்' என்றால் 'புரிஞ்சிடுச்சு'. ஃபோன் மணி அடிக்கும்போது ஒருவர் எழுந்துகொண்டே அதையே சொன்னால் 'நான் எடுக்கிறேன்'. அகராதி இரண்டையும் தரும், ஆனால் உங்கள் காட்சியில் நடப்பது எது என்று அதற்குத் தெரியாது.

பேச்சில் ஒரு பகுதி செய்தி சொல்வதற்காகவே இல்லை, மனிதர்களுக்குள் ஒட்டுதலை வைத்துக்கொள்வதற்காக என்று மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் எழுதினார். ஸ்லாங்கில் பெரும்பகுதி இந்த வேலையைத்தான் செய்கிறது. அதனால், இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று தேடுவதை நிறுத்துங்கள். இந்த ஆள், இந்த ஆளிடம், இந்த நேரத்தில் தமிழில் என்ன சொல்லியிருப்பார் என்று கேளுங்கள்.

'கமான்' என்பதையே எடுத்துக்கொள்வோம். பந்தயத்தில் ஓடும் மகளைப் பார்த்து அப்பா கத்தினால் 'ஓடு, ஓடு!'. நண்பன் அளப்பதைக் கேட்பவள் சொன்னால் 'சும்மா சொல்லாதே'. வர மறுப்பவரைக் கெஞ்சினால் 'வாயேன்'. வாசலில் நின்று அவசரப்படுத்தினால் 'கிளம்பு, நேரமாச்சு'. அழுதுகொண்டிருப்பவரின் தோளைத் தொட்டுச் சொன்னால் 'அட, விடு'. ஐந்தில் ஒன்றில்தான் 'வா' என்ற வினையே வருகிறது. அங்கேயும் வேலையைச் செய்வது கடைசியில் ஒட்டிய 'ஏன்'தான். ஆங்கிலத்தில் குரலின் ஏற்ற இறக்கம் செய்வதைத் தமிழில் ஏன், தான், ஆச்சே, பா போன்ற ஒட்டுகள் செய்கின்றன. ஜெர்மனிலும் 'டோஃக்', 'மால்', 'ஹால்ட்' என்று குட்டிச் சொற்கள் இதே வேலையைச் செய்கின்றன. எனவே முதலில் நடிகரின் குரலைக் கேளுங்கள், அப்புறம் எழுதுங்கள். எழுத்து வசனத்தை மட்டும் வைத்து மொழிபெயர்ப்பவர் பாதித் தகவலைத் தவறவிடுகிறார்.

அடுத்தது மரியாதை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'யூ'தான். தமிழில் நீ, நீங்கள், டா, டி என்று ஒவ்வொரு வரியிலும் நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். பிரெஞ்சிலும் 'தூ', 'வூ' என்று இதே சிக்கல் உண்டு. வேலை தொடங்கும் முன்பே பாத்திரங்களை ஒரு தாளில் எழுதி, யார் யாரை எப்படி அழைப்பார் என்று குறித்துவிடுங்கள். இதைச் செய்யாததால்தான் ஒரே ஆள் ஒரு வரியில் 'நீ' என்றும் அடுத்த வரியில் 'நீங்கள்' என்றும் பேசும் சப்டைட்டில்களைப் பார்க்கிறோம். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்துப்போடும்போது இது இன்னும் அதிகம். உறவு மாறும் இடத்தைத் தனியாகக் குறியுங்கள். அலுவலகத்தில் அறிமுகமாகும் இருவர் மெல்ல நெருங்குகிறார்கள் என்றால், 'நீங்க' எந்தக் காட்சியில் 'நீ' ஆகிறது? ஆங்கில வசனத்தில் அந்த மாற்றம் சொல்லாகவே இருக்காது. தமிழில் பார்வையாளர் அதற்காகக் காத்திருப்பார். அதைச் சரியான இடத்தில் வைப்பது மொழிபெயர்ப்பாளரின் கையில் இருக்கும் அருமையான வாய்ப்பு.

'டியூட்' சிக்கலும் இங்கேயே தீர்ந்துவிடும். நெருங்கிய நண்பர்களுக்குள் 'மச்சி' அல்லது 'டேய்', முன்பின் தெரியாதவரிடம் 'பாஸ்', அதிர்ச்சியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் 'அடப்பாவி' கூட ஆகலாம். பல இடங்களில் வினையோடு ஒட்டும் ஒரு 'டா' போதும்.

ஒரு சின்ன உரையாடலை முழுசாகச் செய்து பார்ப்போம். காத்திருந்த நண்பன்: 'டியூட், யூ ஆர் லைக் அன் அவர் லேட்.' வந்தவன்: 'ஐ நோ, ஐ நோ. மை பேட்.' முதலாமவன்: 'வாட்எவர்.' நேராகப் போனால் 'நண்பா, நீ ஒரு மணி நேரம் போலத் தாமதமாக வந்திருக்கிறாய்', 'எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் தவறு', 'எதுவாக இருந்தாலும்' என்று வரும். இலக்கணம் சரி, ஆள் இல்லை. நான் இப்படி எழுதுவேன்: 'டேய், ஒரு மணி நேரமா நிக்கிறேன்.' 'சரிடா, தப்புதான்.' 'என்னமோ போ.' தாமதமாக வந்தவனைச் சுட்டுகிறது ஆங்கிலம். தமிழில் இந்தக் கோபம் காத்திருந்தவனின் கால்வலியிலிருந்து புறப்படுகிறது. அதனால் எழுவாயே மாறிவிட்டது. 'லைக்' காணாமல் போனதில் நஷ்டம் இல்லை. திரையில் பொதுவாக 2 வரிகளுக்குமேல் இடமும் கிடையாது. ஆனால் பதற்றத்தில் திக்கும் பாத்திரத்துக்கு அந்த 'லைக்', 'யூ நோ' எல்லாம் குணச்சித்திரம். அங்கே 'வந்து...', 'அதாவது...' என்று வைத்தே ஆக வேண்டும்.

ஸ்லாங்குக்கு ஊரும் வயதும் உண்டு. 'பிஸ்ட்' என்றால் அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் போதை. உடம்பு சரியில்லை என்று பொருள்படும் 'சிக்' இளைஞர் வாயில் பாராட்டு. இணைய ஸ்லாங் அகராதியான அர்பன் டிக்‌ஷனரி 1999 முதல் இருக்கிறது, புதுச் சொற்களுக்கு உதவும். ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் விளையாட்டுக்கு எழுதியதும் அதில் கலந்திருக்கும். பழைய கதை என்றால் 2010இல் 3 தொகுதிகளாக வந்த ஜொனாதன் கிரீனின் ஸ்லாங் அகராதியைப் பாருங்கள், இணையத்திலும் கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள் இருக்கும்.

தமிழில் இணையான சொல் தேடும்போது இந்த வருஷம் முளைத்ததைத் தொடாதீர்கள். 1839இல் பாஸ்டன் பத்திரிகையில் ஒரு வேடிக்கைச் சுருக்கமாக அச்சேறிய 'ஓகே' இன்றுவரை நிற்கிறது என்றால் அது விதிவிலக்கு. பெரும்பாலான ஸ்லாங் சில ஆண்டுகளில் வாடிவிடும். 'செம', 'மொக்கை', 'கெத்து' போல ஏற்கெனவே வேர்விட்டவை பாதுகாப்பானவை. ஆங்கிலத்தின் ஒரு வட்டார உச்சரிப்புக்கு இணையாகத் தமிழின் ஒரு வட்டார வழக்கைப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பாத்திரம் அந்த நொடியே வேறு ஊர்க்காரராகிவிடுகிறார்.

வசைச் சொற்களில் சொல்லின் நேர்ப்பொருளை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் அளவெடுங்கள். கனடாவின் கியூபெக் பிரெஞ்சில் கடுமையான வசைகள் தேவாலயப் பொருட்களின் பெயர்களிலிருந்து வருகின்றன, டச்சில் நோய்ப் பெயர்களிலிருந்து. அவற்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கேட்பவருக்கு உறைக்கவே உறைக்காது. கூடவே ஒன்று: காதில் விழும் வசையைவிடத் திரையில் எழுத்தாக நிற்கும் வசை கனமானது. ஒரு படி குறைத்து எழுதினால்தான் மூலத்தின் அளவுக்குச் சரியாக இருக்கும்.

நடை பற்றி: பேச்சுத் தமிழ்தான், ஆனால் ஒலிப்பதை அப்படியே எழுத்தாக்கினால் கண் தடுக்கும். சொற்களின் எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

கடைசியாக, ஆங்கிலச் சொல்லையே விடலாமா? தமிழில் பேசுபவர்கள் அந்த இடத்தில் உண்மையிலேயே அதைச் சொல்வார்கள் என்றால் தாராளமாக விடலாம். 'சாரி', 'ஓகே', 'சூப்பர்' எல்லாம் இப்போது தமிழ்ப் பேச்சின் பகுதி. ஆனால் தமிழுக்குள் வந்த சொல் பழைய பொருளிலேயே நிற்காது. ஆங்கிலத்தில் 'மேக் எ சீன்' என்றால் நாலு பேர் பார்க்க ரகளை செய்வது. தமிழில் 'சீன் போடாதே' என்றால் பந்தா பண்ணாதே. ஆங்கிலத்தில் ஒரு தாய் மகனிடம் 'டோன்ட் மேக் எ சீன்' என்று சொல்லும் இடத்தில் 'சீன் போடாதே' என்று எழுதினால் தாய் மகனை எதற்குத் திட்டுகிறார் என்பதே மாறிவிடும். 'எல்லாரும் பார்க்கிறாங்க, கத்தாதே' என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஆங்கிலம் கேட்காத ஒருவரிடம் தமிழ் வசனத்தை மட்டும் கொடுத்து, யாருக்கு யார் மேல் கோபம், யார் யாருக்கு நெருக்கம் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் வரிகளை மட்டும் திருத்தினால் போதும்.