தாத்தா தின்ற காய், பேரனுக்குப் பல்கூச்சம்

கேள்வி: எங்கள் விசைப்படகில் இந்த வருஷம் மட்டும் மூன்று முறை நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டது. தாத்தா அந்தக் காலத்தில் கூட்டாளிக்குப் பங்கு கொடுக்காமல் விட்டார் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. ஜெபம் பண்ண வந்த ஒருவர், “பரம்பரைச் சாபம், நாலு தலைமுறைக்கு விடாது, வசனமே இருக்கு” என்கிறார். அம்மாவோ, “உங்க பாட்டி முழங்கால்ல நின்ன புண்ணியம்தான் படகு கரைக்கு வருது” என்கிறார். எது சரி?
– வாசகர், காசிமேடு

பதில்: வசனம் இருக்கிறது, பைபிளில் யாத்திராகமம் 20-ல். ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். தண்டனை மூன்று நான்கு தலைமுறைக்கு என்றால், அடுத்த வரியிலேயே இரக்கம் ஆயிரம் தலைமுறைக்கு. தண்டனையும் கடவுளைப் பகைக்கிறவர்களுக்கு என்றுதான் இருக்கிறது.

அந்த வசனத்தோடு பைபிளே மல்லுக்கட்டுகிறது. கி.மு. 597-ல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதக் கூட்டத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியும் ஒருவர். முன்னோர் செய்த தப்புக்கு நாம் மாட்டிக்கொண்டோம் என்று அந்த ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லித் திரிந்தார்கள்: அப்பன்மார் திராட்சைக்காய் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது. ராயபுரத்தில் பள்ளிக்கூட வாசலில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்றைக் கடித்தவர்களுக்கு அந்தக் கூச்சம் தெரியும். நீங்கள் கடித்ததற்கு உங்கள் பேரனுக்குக் கூசினால் எப்படி இருக்கும்? இனி இந்தப் பழமொழியே வேண்டாம், பாவம் செய்தவன்தான் சாவான் என்று தன் புத்தகத்தின் 18ஆம் அதிகாரத்தில் எசேக்கியேல் அடித்துச் சொல்கிறார். யூதர்களின் வேத விளக்க நூலான தால்முத் இன்னும் துணிச்சல்: தலைமுறை தலைமுறையாகத் தண்டனை என்று மோசே போட்ட தீர்ப்பை எசேக்கியேல் வந்து ரத்து செய்தார் என்றே எழுதி வைத்திருக்கிறது. இன்னோரிடத்தில், பிள்ளைகளும் அப்பன் வழியையே பிடித்துக்கொண்டால்தான் தண்டனை தொடரும் என்று விளக்கம்.

சரி, அம்மா கட்சிக்கு வருவோம். யூதர்கள் இதை ‘செகுத் அவோத்’ என்பார்கள், முன்னோர் புண்ணியம் என்று வைத்துக்கொள்ளலாம். இஸ்ரவேலர் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிட்ட விவகாரத்தில் கடவுள் மொத்த ஜனத்தையும் அழிக்கப் பார்த்தபோது மோசே கெஞ்சியது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பெயரைச் சொல்லித்தான். இன்றும் யூதர்களின் தினசரி ஜெபத்தில் முதல் ஆசீர்வாதம் அந்த மூன்று பேரை வைத்தே தொடங்குகிறது. ஆனால் அதையே நம்பிக் கால்மேல் கால் போட்டு உட்கார முடியாது: ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று பெருமை பேச வேண்டாம், இந்தக் கல்லுகளிலிருந்தே அவருக்குப் பிள்ளைகளை உண்டாக்கக் கடவுளால் முடியும் என்று யோவான் ஸ்நானகன் முகத்துக்கு நேரே சொன்னார். பவுல் அந்த அளவுக்குப் போகவில்லை. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில், முன்னோர் நிமித்தம் இஸ்ரவேலர் இன்னும் அன்புக்குரியவர்களே என்கிறார்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் யோவான் 9-ல் இருக்கிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு சொன்ன பதில், இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல.

என்ஜினுக்கு முதலில் நல்ல மெக்கானிக்கைப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே மாதிரி நின்றதா என்று அவர் கேட்பார். கூட்டாளி பங்கு மேட்டர் நிஜமா என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் தனியாக விசாரியுங்கள், நிஜமென்றால் அந்தக் குடும்பம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.