ஸ்விட்ச் ஆனுக்கு முந்தைய வாரங்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், காது மெஷின் வைத்தும் பேச்சு புரியாத நிலை வந்ததால், இந்த மாதம் மதுரையில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் மின்கருவி பொருத்துவது) ஆபரேஷன் செய்துகொண்டேன். தையல் பிரித்துவிட்டார்கள். கருவியை ஸ்விட்ச் ஆன் செய்ய இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். உங்களுக்கும் இந்த ஆபரேஷன் நடந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். முன்பு மெஷின் போட்டால் குக்கர் விசிலாவது கேட்கும். இப்போது ஆபரேஷன் செய்த காதில் ஒன்றுமே இல்லை, தலைக்குள் இரைச்சல் மட்டும்தான். புளிக்குழம்பு இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது. காது மடல் மரத்துக் கிடக்கிறது. வீட்டுக்காரர் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கிறார். மாமியார் தினமும் “இப்பக் கேக்குதா?” என்கிறார். இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை.

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

முதலில் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும். இந்தப் பகுதியை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். உங்கள் தலைக்குள் வைத்திருக்கும் கருவியில் பேட்டரி கிடையாது, மைக்கும் கிடையாது. காதுக்குப் பின்னால் இனிமேல் மாட்டப்போகிற பிராசஸர்தான் சத்தத்தை வாங்கும். அதோடு சேர்ந்த காயில் (கம்பிச்சுருள்) காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டு, தோலைத் தாண்டி ரேடியோ அலையாகச் சத்தத்தின் விவரத்தை உள்ளே அனுப்பும். உள்ளே இருப்பது இயங்கத் தேவையான மின்சாரமும் அதே வழியில்தான் போகவேண்டும். ஆகவே இன்று எத்தனை பலமாகக் கை தட்டினாலும் அந்தக் கருவி வழியாகக் கேட்க வழியே இல்லை. ஆபரேஷன் செய்த இடம் ஆறி வீக்கம் வடிந்தால்தான் காந்தம் சரியாகப் பிடிக்கும். அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

நாக்கின் சுவையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு ஒன்று நடுக்காது வழியாகத்தான் போகிறது. அதற்கும் முகத்தை அசைக்கும் நரம்புக்கும் இடையில் இருக்கும் சில மில்லிமீட்டர் எலும்பைக் குடைந்துதான் டாக்டர் உள்காதைத் தொட்டிருப்பார். அந்தச் சுவை நரம்பு கொஞ்சம் இழுபட்டாலே நாக்கில் இரும்பு வாடை வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுகிறது. எனக்குக் காப்பிதான் கெட்டுப்போயிருந்தது. ஒருநாள் காலையில் பாதி டம்ளர் குடித்த பிறகுதான் அது பழைய ருசிக்குத் திரும்பியிருப்பதே தெரிந்தது. இரைச்சல் கூடுவதும் சகஜம், ஸ்விட்ச் ஆனுக்குப் பிறகு பலருக்கு அது அடங்குகிறது.

காது மடல் மரத்திருப்பதற்குக் காரணம் தோலுக்கடியில் ஓடும் சின்ன நரம்புகள் அறுபட்டது. இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு: சூடு தெரியாது. யார் அன்போடு சொன்னாலும் ஒத்தடம் வேண்டாம், பூண்டு காய்ச்சிய எண்ணெய் வேண்டவே வேண்டாம். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். துணி மூட்டையைக் கடைப்பையன் தூக்கட்டும். காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, தையல் போட்ட இடம் சிவந்து வீங்குவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வராமல் இருக்க அது அவசியம்.

இனி உங்களைத் தூங்கவிடாத விஷயம். இருந்த கொஞ்சக் கேட்கும் திறனும் போய்விட்டது என்பது உங்கள் பிரமை இல்லை. உள்காதுக்குள் கருவியின் கம்பி போகும்போது, சத்தத்தை உணரும் செல்களில் மிச்சமிருந்தவை பலருக்குச் செயலிழந்துவிடுகின்றன. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர்கள் சொல்லிக் கையெழுத்து வாங்கும் விஷயம்தான் இது. ஆனாலும் குக்கர் விசில் இல்லாத சமையலறையில் நிற்கும்போது அந்தக் கையெழுத்து ஆறுதல் தராது. வருத்தப்படுங்கள், அது நியாயமான வருத்தம். ஆனால் அதை ஆபரேஷன் தோற்றதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

1978இல் மெல்போர்னில் டாக்டர் கிரேம் கிளார்க், ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பல மின்முனைகள் கொண்ட இம்ப்ளான்ட்டைப் பொருத்தினார். கார் விபத்தில் கேட்கும் திறனை இழந்தவர் சாண்டர்ஸ். காயம் ஆறியதும் கருவியை இயக்கிப் பார்த்தார்கள். முதலில் அவருக்குத் தன் காது இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. பல வருட உழைப்பு வீணாகிவிட்டதோ என்று எல்லோரும் கலங்கினார்கள். பிறகு பார்த்தால் சோதிக்கும் கருவியில்தான் கோளாறு. அதைச் சரிசெய்த பிறகு சத்தம் கேட்டது. பின்னொரு நாள் தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டபோது மனிதர் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். இதே கிளார்க்குக்கு, சுருண்ட உள்காதுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்பது வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லை நுழைத்துப் பார்த்துத்தான் விடை கண்டார். நுனி வளைந்துகொடுத்து அடி விறைப்பாக இருந்தால் உள்ளே போகும். உங்கள் காதுக்குள் இருக்கும் கம்பிக்கும் அந்தக் கடற்கரைப் புல்லுக்கும் உறவு உண்டு.

ஸ்விட்ச் ஆன் அன்று ஊர் கூட்டிப் போகாதீர்கள். வீட்டுக்காரர் ஒருவர் போதும், அவரும் போனைத் தூக்கி வீடியோ எடுக்க வேண்டாம். முதல் நிமிடமே சிரித்துக் கண்ணீர் விடும் வீடியோக்கள் காத்திருப்பவர்களுக்குக் கெடுதல்தான் செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். பிறவியிலேயே கேட்காத சின்னக் குழந்தைகள் பலர் அன்று பயந்து அழுகிறார்கள். நம்மைப் போலப் பேசிப் பழகிப் பிறகு காது போனவர்களில் பலருக்கு, முதலில் பீப் பீப் என்றுதான் கேட்கும். அப்புறம் பேச்சு வரும், ஆனால் எல்லோரும் கார்ட்டூன் எலி போலக் கீச்சுக் குரலில் பேசுவார்கள். சுமார் 15,000 செல்கள் செய்த வேலையைக் கம்பியிலுள்ள 12 முதல் 22 மின்முனைகள் செய்கின்றன. போதாததற்கு, கனத்த, தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கான உள்சுற்றுவரை கம்பி பெரும்பாலும் எட்டுவதில்லை. இவ்வளவு குறைவான தகவலிலிருந்து குரலைக் கட்டி எழுப்ப வேண்டியது மூளை. அதற்கு மாதங்கள் ஆகும். உங்கள் மூளைக்குத் தமிழ் எப்படி ஒலிக்கும் என்பது தெரியும், அது பெரிய பலம்.

ஆகவே இந்த இரண்டு வாரத்தில் ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். தினமும் அரைமணி நேரம் உங்கள் எதிரே உட்கார்ந்து படிக்க வேண்டும், நீங்கள் அதே பக்கத்தில் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். தெரிந்த கதை, பழகிய குரல் இரண்டும் நல்லது. மாமியாருக்குப் படிக்க வருமென்றால் அவரையே கேளுங்கள். தினமும் காலையில் விசாரிக்கிறவருக்கு அந்த வேலை பிடிக்கும். இன்னொரு காதில் மெஷின் போடுபவர் என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு அதை நிறுத்தாமல் போட்டு வாருங்கள்.

கடையில் பேச்சு புரிவதற்கு முன்பே கத்தரிக்கோல் துணியை வெட்டும் சத்தம் கேட்க ஆரம்பிக்கலாம். எனக்குப் பிளாஸ்டிக் கவர் கசங்கும் சத்தம் தாங்க முடியாமல் இருந்தது. அப்படி எது எரிச்சலூட்டுகிறது, எது கேட்கவே இல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன் நிபுணர்) ஒவ்வொரு மேப்பிங்கிலும், அதாவது கருவியை உங்கள் காதுக்கேற்ப ஒழுங்குபடுத்தும்போதும், அளவுகளை மாற்ற அந்தக் குறிப்பு உதவும்.

முதல் மேப்பிங் முடிந்ததும் எனக்கு எழுத வேண்டாம். மூன்றாவது முடிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்