நீலகிரி மலைப் புகையிரதம்: முகவரிடம் முற்பணம் கொடுக்கும் முன்

கோண்டாவில் வாசகர் ஒருவர், மாசி மாதம் தாயாரை நீராவிப் புகையிரதத்தில் ஊட்டிக்கு அழைத்துச் செல்ல விரும்புவதாகவும், "ஊட்டிவரை முழுவதும் நீராவிதான், இருக்கை நிச்சயம்" என்று கூறி முகவர் ஒருவர் முற்பணம் கேட்பதாகவும் எழுதி, கொடுக்கலாமா என வினவியிருக்கிறார்.

கொடுக்க வேண்டாம். 1899இல் குன்னூர்வரையும் 1908இல் ஊட்டிவரையும் திறக்கப்பட்ட, 46 கிலோமீற்றர் நீளமான இப்பாதையில், நீராவி எஞ்சின் வழக்கமாக மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையே ஓடுகிறது. அதற்கு மேல் டீசல்தான். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் சீட்டெடுத்துத் தந்துவிட்டு நீராவிப் பயணம் என்று பணம் பறிப்பது தரகர்களின் பழைய தந்திரம். சீட்டில் ஏறுமிடம் மேட்டுப்பாளையம் என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது இருக்கை. இணையத்தில் எடுத்த சீட்டில் எல்லாப் பெயர்களும் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்டால், பயணிகளின் இறுதி அட்டவணை தயாரானதும் அது தானாக இரத்தாகிவிடும். மீளும் பணமும் உங்களுக்கு வராது, கட்டணம் செலுத்திய தரகரின் கணக்குக்கே போகும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இருவரின் பெயரும் ஒரே சீட்டில் இருந்து, ஒருவருக்காவது இருக்கை உறுதியானால், மற்றவரின் பெயரும் அட்டவணையில் நிற்கும். ஆனால் அவருக்கென இருக்கை இராது. ஆகவே தாயாரையும் உங்களையும் தனித்தனிச் சீட்டில் பிரிக்க ஒருபோதும் விடாதீர்கள். ரயில்வே முன்பதிவு இணையத்தளத்தில் தனிப்பட்ட கணக்கில் எடுத்த சீட்டை இலாபத்துக்கு விற்பது இந்திய ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி குற்றம். வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணுடன் கணக்குத் திறப்பதை இவ்வளவு சிக்கலாக்கி வைத்திருப்பதுதான் தரகர்களை வாழவைக்கிறது. இதை ஏன் இன்னும் எளிதாக்கவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை. சிரமம் பாராது சொந்தக் கணக்கில், கடவுச்சீட்டில் உள்ள பெயருடன் பதியுங்கள். மூலக் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் சேவை அடிக்கடி நிற்கும். மாசியில் அந்தக் கவலை குறைவு.

மலையேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். கல்லாறு நிலையத்துக்கு மேல் அதன் பற்சக்கரம் நடுத் தண்டவாளத்தின் பற்களைக் கவ்வி ஏறும். முன்பெட்டியின் நுனியில் கொடியுடன் பிரேக் ஊழியர் நிற்பார். பாதையைப் பார்க்க முன்பெட்டி நல்லது. எஞ்சினின் மூச்சைக் கேட்கத் தாயார் விரும்பினால் கடைசிப் பெட்டி, ஆனால் கரித்துகளும் நீராவியும் அங்கேதான் அதிகம் படியும்.