கஸ்தூரிப் பையும் பூண்டு நூலும்

கேள்வி: அத்தர் செய்து பழகுகிறேன். தரகர் ஒருவர் ரோமம் ஒட்டிய சிறு பையைக் காட்டி, அசல் கஸ்தூரி என்கிறார். பூண்டுச் சாற்றில் நனைத்த நூலை ஊசியில் கோத்துப் பைக்குள் விட்டு எடுத்தார். பூண்டு வாடை போய்விட்டது. அப்பாவின் மூச்சிரைப்புக்கும் கொடுக்கலாமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். போலி என்றால் பணம் போச்சு. அசல் என்றால் வழக்கு வரும்.

பூண்டு நூல் பழைய வித்தை. வாடை தூக்கலாக எதைத் திணித்திருந்தாலும் பூண்டு அமுங்கிவிடும். பையின் தோல் கஸ்தூரி மானுடைய அசல் தோலாகவே இருக்கலாம், அதுதான் சிக்கல். உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, உலர்ந்த ரத்தத்தையும் ஈரல் பொடியையும் அடைத்து, எடைக்கு ஈயத் துண்டு போட்டு, ரோமத்துக்கு அடியில் தைத்துவிடுவார்கள். நான் ஊறவைத்துப் பிரித்த ஒரு பையில் தையல் நூல்தான் முதலில் கையோடு வந்தது. இதெல்லாம் இன்று நேற்றுத் தொழில் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிய வாசனைத் திரவிய நூலிலேயே போலிக் கஸ்தூரிக்குச் செய்முறை இருக்கிறது. ரசவாதம் தங்கத்தோடு நிற்கவில்லை, பாருங்கள்.

மூக்கையும் நம்பாதீர்கள். அசல் கஸ்தூரி கிட்டத்தில் மிருக வாடைதான் அடிக்கும். நன்றாக நீர்த்த பிறகே மணக்கும். சில கஸ்தூரி மணங்கள் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது.

சரி, அசலாகவே இருந்தால்? ஒரு பையில் சுமார் 25 கிராம் கஸ்தூரி இருக்கும். அதற்காக ஆண் கஸ்தூரி மான் ஒன்று செத்திருக்கும்; பை ஆணுக்கு மட்டும்தான். கண்ணிக்கு ஆண், பெண், குட்டி தெரியாது என்பதால் பை இல்லாதவையும் சேர்ந்தே சாகின்றன. இந்தியா, நேபாளம், பூட்டான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மியன்மார் நாட்டுக் கஸ்தூரி மான்கள் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. அவற்றின் கஸ்தூரியை நாடு விட்டு நாடு வணிகம் செய்யவே கூடாது.

“இது பண்ணைக் கஸ்தூரி, மானைக் கொல்லாமல் எடுத்தது” என்று அடுத்து ஆரம்பிப்பார். பண்ணை என்பது பொய் அல்ல. சீனாவில் 1950-களிலிருந்து மானை வளர்த்து, உயிரோடு பிடித்து, பையிலிருந்து சுரண்டி எடுக்கிறார்கள். சீன மான் இரண்டாம் பட்டியல். அனுமதிச் சீட்டு இருந்தால் ஏற்றுமதி செய்யலாம். ஆனால் பண்ணையில் சுரண்டி எடுப்பது பைக்குள் பொடிமணியாக இருக்கும் கஸ்தூரியைத்தான். பை மானோடேயே இருக்கும். முழுப் பையை நீட்டிக்கொண்டு பண்ணைக் கதை சொல்பவரிடம் வேறென்ன கேட்பது? சீட்டைக் காட்டினாலும் அது இந்தப் பைக்குத்தான் என்று யார் உறுதி சொல்வது? சோதனைச் சாவடியில் இருப்பவருக்கும் அசல் எது, போலி எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. சட்டம் எழுதியவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அப்பாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். அந்தக் கால மருத்துவ அறிஞர் இப்னு சீனா இதயத்துக்கு வலுவூட்டும் மருந்துகளில் கஸ்தூரியைச் சேர்த்தது உண்மை. அதற்காகத் தரகர் பையில் இருக்கும் ரத்தப் பொடி மருந்தாகிவிடாது. மூச்சிரைப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அத்தருக்கு வேண்டியது மஸ்கோன் என்ற வேதிப்பொருள்தான். கஸ்தூரியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருக்கும் அதுதான் மணத்துக்கு ஆதாரம். 1906-ல் வேதியியலாளர் வால்பாம் அதைப் பிரித்தெடுத்தார். 1926-ல் இன்னொரு வேதியியலாளர் ருசிக்கா அதன் மூலக்கூறு வளைய அமைப்பு கொண்டது என்று கண்டுபிடித்தார். இன்று ஆய்வகத்திலேயே தயாராகிறது. செடி மணம் வேண்டுமென்றால் கஸ்தூரி வெண்டை விதை எண்ணெய் இருக்கிறது. பெயரில் மட்டும் கஸ்தூரி உள்ள மஞ்சளை வாங்கி ஏமாறாதீர்கள். அதற்கும் மானுக்கும் சம்பந்தமில்லை.

தரகர் மறுபடி வந்தால், பையைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட வேண்டாம்.