வெற்றுக் கட்டமும் பூச்சியமும்

கேள்வி: எங்கள் ஊர்ப் படகு ஒன்றின் நவம்பர் மாதத்து அன்றாட மீன்பிடியைக் கிலோக் கணக்கில் எக்ஸெல் தாளில் பதிந்து, ‘ஆர்’ என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஏற்றினேன். இடையை (சராசரியை) கேட்டால் எண் வராமல் ‘என்ஏ’ என்று வருகிறது. வெறுமையாக இருந்த 8 கட்டங்களிலும் பூச்சியம் இட்டதும் 22 கிலோ என்று விடை வந்துவிட்டது. இப்படிச் செய்வது சரியா?
– பல்கலைக்கழக மாணவி, திருகோணமலை

பதில்: விடை வந்துவிட்டது என்பதனால் அது சரியாகிவிடாது. ‘என்ஏ’ என்பது பிழைச்செய்தி அன்று. அவ்விடத்துக்குரிய பெறுமானம் கிடைக்கவில்லை என்பதன் குறியீடு. கிடைக்காத ஒன்றையும் சேர்த்துக் கூட்டச் சொன்னால் கூட்டுத்தொகையும் தெரியாது என்று ‘ஆர்’ கைவிரிப்பது நேர்மையான செயல் என்றே நான் கருதுகிறேன். (இடையைக் காணும் கட்டளையை உச்சரித்தால் ‘மீன்’ என்றுதான் ஒலிக்கும், உங்கள் ஆய்வுக்குப் பொருத்தமான பெயர்தான்.)

வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகு கரையிலேயே கிடந்த நாளும், கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பிய நாளும் ஒன்றல்ல. நீங்கள் அனுப்பிய தாளில் 18 நாட்களில் மீன் பட்டிருக்கிறது, 4 நாட்களில் போயும் படவில்லை, 8 நாட்களில் படகு இறங்கவேயில்லை. மொத்தப் பிடி 660 கிலோ. அதனை 30ஆல் வகுத்தால் வரும் 22 கிலோ, படகுக்காரர் வீட்டின் மாத வருமானத்தைக் கணிக்க உதவலாம். ஆனால் கடலுக்குப் போன ஒரு நாளில் எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வின் கேள்வியென்றால் 22ஆல் வகுக்க வேண்டும். விடை 30 கிலோ. பூச்சியத்தால் நிரப்பிய தாளில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. மழைவீழ்ச்சித் தரவு ஒன்றில், அளவி பார்க்கப்படாத நாட்களை மழையற்ற நாட்களாக்கிய அனுபவம் எனக்கும் உண்டு. தவறு புரிந்தபோது மூலத்தாள் கையில் இல்லை.

ஆகவே வெற்றுக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, ‘கடலுக்குப் போனாரா’ என்று தனி நிரல் ஒன்றைச் சேருங்கள். அதன்பின் ‘என்ஏ.ஆர்எம்’ தெரிவுக்கு ‘ட்ரூ’ என்று கொடுத்தால் வெற்றிடங்கள் விலக்கப்பட்டு 30 கிடைக்கும். போன நாளில் நிறுக்கத் தவறியதாலும் கட்டம் வெறுமையாகலாம் என்பதால், எத்தனை கட்டங்கள் எதற்காக விலக்கப்பட்டன என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். எடை நிரலில் ‘இல்லை’ என்று ஓரிடத்தில் எழுதினாலும் முழு நிரலும் எழுத்துத் தரவாகிவிடும். அப்போது அந்தத் தெரிவைக் கொடுத்தாலும் ‘என்ஏ’தான் வரும்.

நிரல்களுக்குத் தமிழில் பெயரிடத் தயங்க வேண்டாம். விண்டோஸ் கணினியில் தமிழ் எழுத்துகள் குறியீட்டு எண்களாகத் தோன்றும் பழைய தொல்லை, 2022இல் வெளிவந்த ‘ஆர்’ 4.2.0 பதிப்பிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டது.