பங்குச்சந்தைகள் நிறுவனங்களுக்காக ஏன் போட்டி போடுகின்றன?

ஒரு நிறுவனம் தன் பங்குகளைப் பொதுமக்கள் வாங்கி விற்க ஒரு பங்குச்சந்தையில் பதிவு செய்வதுதான் பட்டியலிடுதல். எந்தச் சந்தை என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்கிறது. போட்டி அங்கேதான் தொடங்குகிறது.

காரணம் வருமானம். பங்குச்சந்தைகள் பலவும் இன்று லாபத்துக்காக இயங்கும் நிறுவனங்களே. ஹாங்காங் சந்தையை நடத்தும் நிறுவனத்தின் பங்கே அதே சந்தையில் விற்கிறது! பட்டியலிட ஒரு கட்டணம், ஆண்டுக் கட்டணம், ஒவ்வொரு வர்த்தகத்திலும் சிறு தொகை என்று காசு வந்துகொண்டே இருக்கும்.

வாரச்சந்தை குத்தகைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல மாடுகள் வந்தால் வாங்குபவர்கள் கூடுவார்கள். கூட்டம் கூடினால் இன்னும் மாடுகள் வரும். பக்கத்து ஊர்ச் சந்தைக்கு அவை போய்விட்டால் இவருக்குச் சுங்கமும் போச்சு, கூட்டமும் போச்சு.

ஹாங்காங்குக்கு நடந்தது இதுதான். இயக்குநர்களில் பெரும்பான்மையினரை முன்மொழியும் உரிமை தன் மூத்த நிர்வாகிகள் அடங்கிய குழுவிடமே இருக்க வேண்டும் என்றது சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபா. ஹாங்காங் விதி இடம் தரவில்லை. 2014-இல் அலிபாபா நியூயார்க் போய் சுமார் 2,500 கோடி டாலர் பங்கு வெளியீட்டை நடத்தியது. 2018-இல் ஹாங்காங் விதியைத் தளர்த்தியது. 2019-இல் அலிபாபா அங்கும் பட்டியலிட்டது. இப்படி வளைந்துகொடுப்பதில் சிறு முதலீட்டாளரின் குரல் தேய்கிறது என்பது என் கவலை.

அப்புறம், பங்கு வெளியீட்டில் திரளும் பணம் பங்குச்சந்தைக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது நிறுவனத்துக்கும் பங்கை விற்றவர்களுக்கும் போகிறது, சந்தைக்குக் கட்டணம் மட்டுமே.