அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துப் பக்கம் "நாங்கதான் இங்க முதல்ல குடியேறின விவசாயக் குடும்பம்"னு சொல்றாங்களே, அவங்களுக்கு நிலம் எப்படிக் கிடைச்சது?

குலுக்கல்லங்க. விளையாட்டுக்குச் சொல்லல, நிஜமாவே குலுக்கல். ஒரு டிரம்ல பேரு, இன்னொரு டிரம்ல லாட் (அதாவது அளந்து பிரிச்ச நிலத்துண்டு) நம்பர், ரெண்டுலயும் ஒவ்வொரு சீட்டா எடுத்து யாருக்கு எந்த நிலம்னு முடிவு பண்ணிருக்காங்க. 1805ல இருந்து 1833 வரைக்கும் ஜார்ஜியா அரசாங்கம் இந்த மாதிரி எட்டு தடவை நடத்திருக்கு.

நீங்க இந்தப் பக்கம் புதுசா வீடு வாங்கியிருப்பீங்க, யாராவது "ஏழு தலைமுறையா இங்க இருக்கோம்"னு ஆரம்பிச்சிருப்பாங்க, அதான் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆச்சு. நான் இருக்கறது ஃபோர்ஸைத் கவுண்டி, கம்மிங் பக்கம். எங்க தெருவுக்குப் பின்னாடி இருந்த பழைய கோழிப்பண்ணை நிலத்தை பிளாட் போட பில்டர் அனுமதி கேட்டார், அதுக்கு ஒரு மீட்டிங். நான் போனதே ரோடு தாங்காது, டிராஃபிக் இப்பவே கழுத்தை நெரிக்குதுன்னு சொல்லத்தான். எனக்கு முன்னாடி பேசின ஒரு வயசான அம்மா, எங்க தாத்தாவோட தாத்தா காட்டை வெட்டி உருவாக்கின பூமி இது, நேத்து வந்தவங்க வந்து கெடுக்கறாங்கன்னு சொல்லிட்டு நேரா என்னைப் பார்த்தாங்க. ஏம்மா, நானும் உங்க கட்சிதானே, நானும் வேணாம்னுதானே வந்திருக்கேன்! ஒண்ணும் பேசாம உக்காந்துட்டேன், ஆனா வீட்டுக்கு வந்து தூக்கம் வரல.

அன்னிக்கு ராத்திரி வீடு வாங்கினப்போ கொடுத்த பத்திரக் கட்டை எடுத்துப் பார்த்தேன். நாம யாரும் படிக்காம கையெழுத்துப் போடற பக்கம் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல "லேண்ட் லாட்" நம்பர், "2-வது டிஸ்ட்ரிக்ட், 1-வது செக்‌ஷன்"னு இருக்கு. அந்த நம்பரே 1832 குலுக்கலோட நம்பர்தாங்க! டலோனெகா பக்கம் 1828-29 வாக்குல தங்கம் கிடைச்சதும், இங்க இருந்த செரோக்கிங்கற பூர்வகுடி மக்களோட நிலத்தை சர்வே பண்ணி, விவசாயத்துக்கு 160 ஏக்கர் லாட், தங்கம் இருக்கலாம்னு நினைச்ச இடத்துல 40 ஏக்கர் லாட்னு பிரிச்சாங்க. எங்க வீடு 40 ஏக்கர் கணக்குல வருது. தங்கம் கிங்கம் ஒண்ணும் இல்ல, தோண்டினா செம்மண்ணு, ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்கறதுக்குள்ள மண்வெட்டிக் காம்பு உடைஞ்சு போச்சு.

சீட்டு விழுந்தவங்க நிறைய பேர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலயாம், எங்கயோ தள்ளி இருந்துகிட்டே வித்துட்டாங்க. அவங்ககிட்ட வாங்கி வந்தவங்களும் இந்த "முதல் குடும்பம்"கள்ல உண்டு. அவங்க உழைக்கலன்னு நான் சொல்லவே இல்ல, மரம் வெட்டி சோளம் போட்டு, அப்புறம் பருத்தி, பருத்தி படுத்ததும் கோழின்னு அந்த உழைப்பு உழைப்புதான், அதுக்குக் கும்பிடு. ஆனா "காட்டை வெட்டி"ங்கறதுதான் இடிக்குது. 1836ல செரோக்கி குடும்பங்களோட சொத்தை அரசாங்க ஆளுங்களே வீடு வீடா போய் மதிப்புப் போட்டு எழுதிருக்காங்க: மரவீடு இத்தனை, சோளக் களஞ்சியம் இத்தனை, பீச் மரம் இத்தனை, ஆப்பிள் மரம் இத்தனைன்னு எண்ணி. பழத்தோட்டம் வச்சிருந்தவங்க இருந்த இடம் எப்படிங்க வெறும் காடு? குலுக்கல் நடந்தப்போ அவங்க அந்த வீடுகள்லயேதான் இருந்தாங்க. 1838ல பட்டாளம் வந்து துரத்திச்சு, ஏறக்குறைய 16,000 பேரை மேற்க அனுப்பினதுல 4,000 பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னு சொல்றாங்க.

இது அத்தோட நிக்கல. 1912ல இதே கவுண்டியில இருந்த கறுப்பின மக்கள் ஏறக்குறைய 1,100 பேரை அடிச்சு, வீடுகளைக் கொளுத்தி, மிரட்டி மொத்தமா வெளிய அனுப்பிட்டாங்க. அவங்கள்லயும் சொந்த நிலம் வச்சிருந்த விவசாயிங்க உண்டு, சிலர் கிடைச்ச விலைக்கு வித்தாங்க, சிலரால அதுவும் முடியல. 1987ல இனவெறிக்கு எதிரா இங்க ஊர்வலம் வந்தப்போகூட கல்லெறிஞ்சிருக்காங்க, எனக்கு அப்போ பள்ளிக்கூட வயசு. ஏழு தலைமுறைக் கணக்கு சொல்றவங்க இந்தத் தலைமுறைகளை மட்டும் ஏன் தாண்டிப் போறாங்கன்னுதான் என் கேள்வி.

உடனே "அந்த நிலத்துல வீடு வாங்கி உக்காந்துட்டு நீ பேசறியா"ன்னு கமெண்ட் வரும், தெரியும். ஆமா வாங்கிருக்கேன், முப்பது வருஷ லோன். அதுக்காகப் பத்திரத்துல இருக்கறதைப் படிக்கக்கூடாதா? அந்தம்மா மேலயும் எனக்குக் கோபம் இல்ல, அவங்க பாட்டி சொன்னதை அவங்க சொல்றாங்க.

எனக்குக் கோபம் நம்ம ஆளுங்க மேலதான். இதை எங்க தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல எழுதினேன், ஒருத்தர் "இதெல்லாம் பேசினா வீட்டு விலை இறங்கும் ப்ரோ, டெலிட் பண்ணுங்க"ங்கறார். அதே ஆளு போன வாரம் அதே குரூப்ல, இப்பல்லாம் கண்டவங்க வந்து குடியேறறாங்க, ஏரியா முன்ன மாதிரி இல்லன்னு எழுதினார். அவர் வந்தே நாலு வருஷம்தான் ஆகுது.